எந்த மனம் சொல்வதைக் கேட்பது?

அக்காவின் மகள் போன கிழமை ஒரு ஸ்டேட்டஸ் போட்டிருந்தாள். குழப்பமான காலத்தில் யாரையும் நம்பாதே, உன் மனம் சொல்வதை மட்டும் கேள் என்று. மாமன் அல்லவா, நானும் ஒரு லைக் போட்டேன். மறுகா இரவு படுத்துக் கிடக்கும்போதுதான் உறைத்தது. எந்த மனம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. எனக்குத் தெரிந்து என்னிடமே இரண்டு மூன்று இருக்கின்றன, அதில் ஒன்று சரியான கள்ளன்.

2019ஆம் ஆண்டுக் கதை இது. அந்தச் சித்திரை வருடப் பிறப்புக்கு அம்மாவுக்கு ஒரு சாரி, பிள்ளைகளுக்கு உடுப்பு, எனக்கொரு சாரம் எல்லாம் காத்தான்குடியில் வழமையான கடையில்தான் எடுத்தேன். கையில் காசு குறைவு. கடைக்காரக் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) கொப்பியை எடுத்து என் பெயருக்கு நேரே 6,850 என்று எழுதிவிட்டு "மாசம் முடியத் தாங்க தம்பி" என்றார். மட்டக்களப்புப் பக்கம் தமிழூரான ஆரையம்பதிக்காரனுக்கு முஸ்லிம் ஊரான காத்தான்குடி பக்கத்து ஊர்தான், கொப்பிக் கணக்கு அப்பா காலத்திலிருந்து ஓடுவது.

ஒரு கிழமை கழித்து ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. முப்பது பேரளவில் செத்துப்போனார்கள், கிட்டத்தட்டப் பாதிப்பேர் பிள்ளைகள். அந்தக் கிழமை டவுனில் இருந்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும், நான் எழுதத் தேவையில்லை. தாக்குதல்களுக்குத் தலைமை தாங்கியவன் காத்தான்குடியில் பிறந்தவன் என்ற செய்தி வந்தபோது எங்கள் பக்கம் கொதித்தது. அவனைப் பற்றி அந்த ஊர்ச் சனமே முந்தியே முறைப்பாடு செய்திருந்தது என்பதும் செய்தியில் வந்ததுதான், ஆனால் அதை வாசிக்கிற நிலையில் யார் இருந்தோம்.

முகநூலையும் வாட்ஸ்அப்பையும் அரசாங்கம் முடக்கியிருந்தது. வீபிஎன் போட்டுக்கொண்டு எல்லாரும் அதற்குள்தான் கிடந்தோம். ஒரு இரவு எனக்கொரு மெசேஜ் வந்தது, அவர்களின் கடையில் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் அடுத்த குண்டுக்குப் போகிறது, உடனே பத்துப் பேருக்கு அனுப்பு என்று. அனுப்பினேன். மறைக்க விரும்பவில்லை, என்னோடு படித்தவர்களின் குரூப்புக்கு நானேதான் அனுப்பினேன். அனுப்பும்போது மனம் உறுத்தவே இல்லை, ஏதோ நல்ல காரியம் செய்த மாதிரி நெஞ்சு நிமிர்ந்தது. அதனால்தான் சொல்கிறேன், மனம் சொன்னது என்பது ஒரு சாட்சியே இல்லை.

அதற்கு முந்திய வருடம் பெப்ரவரியில் அம்பாறை டவுனில் நடந்தது ஞாபகமிருக்கும். முஸ்லிம் சாப்பாட்டுக்கடை ஒன்றில் சிங்களவர் சிலர், கறிக்குள் ஏதோ வெள்ளைக் கட்டி கிடந்தது என்று சண்டை பிடித்து, சிங்களம் சரியாகத் தெரியாத கடைக்காரரை மிரட்டி, மலட்டு மாத்திரை போட்டதாக ஆமென்று தலையாட்ட வைத்து, அதைப் படம் பிடித்து ஊரெல்லாம் பரப்பினார்கள். கடை உடைந்தது, பள்ளிவாசலும் தப்பவில்லை. பிறகு அரச பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்தால் மருந்துமில்லை ஒன்றுமில்லை, அது வெறும் மாக்கட்டி. உடைக்கப் போனவனைக் கேட்டிருந்தால் தன் இனத்தைக் காப்பாற்றத்தான் போனேன் என்று சொல்லியிருப்பான், பொய்யாகவும் சொல்லியிருக்க மாட்டான். நானும் அந்தச் செய்தியை அன்றைக்கு வாசித்துவிட்டு "இப்படியும் சனமா" என்று காறித் துப்பியவன்தான்.

இன்னும் பின்னால் போனால் 1990. ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூறு பேருக்கு மேல் சுடப்பட்டார்கள். ஆறு கிழமைக்குள் சத்துருக்கொண்டானில் எங்கள் தமிழ்ச் சனம் கொல்லப்பட்டது, கைக்குழந்தைகள் வரை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல எங்கள் ஊரில் ஆள் குறைவு. அவரவர் தங்கள் திகதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதுக்கு ஒரு காரணம் வைத்திருக்கிறோம். (மேடையில் ஏறினால் மட்டும் தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் மாதிரி ஒன்று என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு இப்போது எரிச்சல் வரும்.)

சரி, என் கதைக்கு வருகிறேன். மாசம் முடிந்தது, நான் போகவில்லை. சந்தியில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார், "இனி ஏன் குடுக்கப் போறாய், விடு." கள்ளன் மனம் அதை அப்படியே பிடித்துக்கொண்டது. பாதுகாப்பு, இன மானம் என்றெல்லாம் பெரிதாகப் பேசியது. ஆனால் கணக்குப் பார்த்தால் எனக்கு 6,850 ரூபா லாபம். அந்த இடத்தில்தான் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் தட்டியது. கொள்கை பேசுகிற மனம் ஏன் என் பொக்கெட்டையே நிரப்புகிறது?

அப்புறம் கவனித்தேன், இந்த மனம் எப்போதும் "அவனுகள்" என்றுதான் பேசும். முகமே இருக்காது. இன்னொன்று இருந்தது, அது அவ்வளவாகச் சத்தம் போடவில்லை, இரவு மட்டும் கணக்குப்பிள்ளை மாதிரி வந்து, காக்காவுக்கு 6,850 கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விடும். அதற்கு ஒரு ஆளும் ஒரு தொகையும்தான் தெரியும், அனுப்பு பரப்பு என்றெல்லாம் சொல்லத் தெரியாது. அதையும் நான் தட்டிக்கழித்திருப்பேன், அம்மா விடவில்லை. வைகாசிச் சடங்குக்குக் கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போக அந்தச் சாரியை எடுத்து வைத்தவ, காசு கொடுக்கவில்லை என்று தெரிந்ததும் மடித்து என் மடியில் போட்டா. "காசு குடுக்காத சாரியைக் கட்டிக்கொண்டு அம்மாளுக்கு முன்னால நிக்கச் சொல்றியா மனே?"

அடுத்த நாள் பின்னேரம் போனேன். நோன்பு காலம், பெருநாளுக்கு முந்திய நாட்களில் அந்தக் கடையில் நிற்க இடமிருக்காது. அன்று ஷட்டர் பாதி இறங்கியிருந்தது, உள்ளே ஒரு லைட். நான் குனிந்து உள்ளே எட்டிப் பார்க்க, காக்கா சட்டென்று எழுந்து ஒரு அடி பின்னால் போனார். என்னைக் கண்டு. அப்பா காலத்துக் கடைக்காரர் என்னைக் கண்டு பயந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. நான்தான் என்று தெரிந்ததும் ஒன்றும் பேசாமல் கதிரையை இழுத்துப் போட்டார். பாங்கு சொன்னது, பேரீச்சம்பழத்தை வாயில் போட்டார், பிளாஸ்கிலிருந்து கஞ்சியை இரண்டு கப்பில் ஊற்றி ஒன்றை என் பக்கம் தள்ளினார்.

நான் அனுப்பிய மெசேஜைப் பற்றிச் சொல்லத்தான் வாயெடுத்தேன், வரவில்லை. இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. குரூப்பில் மட்டும் அன்றிரவு, நான் அனுப்பியது விசாரித்துப் பார்க்காத கதை, நம்பாதீர்கள் என்று எழுதினேன். ஒருவர்கூடப் பதில் போடவில்லை, இரண்டு பேர் விலகினார்கள்.

காசை எண்ணி வாங்கிக்கொண்டு காக்கா கொப்பியை விரித்தார். அந்தப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பெயர்கள் பத்துப் பன்னிரண்டு இருந்தன. என்னுடையதை மட்டும் ரூலர் வைத்து வெட்டினார்.

"பக்கத்தைக் கிழிச்சிரவா தம்பி?"

"வையுங்க காக்கா, சடங்குக்கு வேட்டி எடுக்கணும்" என்றேன்.