எதை முடிக்கச் சொன்னீர்கள்?

சனிக்கிழமை ராத்திரி எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில், மகாபாரதக் கதையை வேஷம் கட்டி ஆடும் பாரதக் கூத்தை ஆர்கெஸ்ட்ராவுக்காக விழாக் கமிட்டி பாதியில் நிறுத்தியதை வீடியோவில் எல்லோரும் பார்த்தாச்சு, விவரமாகத் திரும்பச் சொல்லப்போவதில்லை. துச்சாதனன் பாஞ்சாலி சேலையில் கை வைக்கிற நேரம் பார்த்து மைக்கைப் பிடுங்கி, "ஆர்கெஸ்ட்ரா வந்தாச்சு, சீக்கிரம் முடிங்க" என்றார்களே, அதுதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

எதை முடிப்பது? பாஞ்சாலி கூந்தலையா? அதைப் பதினெட்டாம் நாள் போர் முடிந்து, படுகளத்தில், அதாவது போர்க்களமாக்கிய திடலில், மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் தொடை பிளந்த பிறகுதான் முடிவாள். விழாக் கமிட்டிக்கு அவசரம் என்பதற்காக முன்கூட்டியே முடிய மாட்டாள்.

பாரதக் கூத்து திருவிழாவுக்கு நடுவே வைக்கிற கலைநிகழ்ச்சி இல்லை. அதுதான் திருவிழாவே. மதியம் பிரசங்கியார் சொல்லும் கதைதான் ராத்திரி வேஷம் கட்டி வருகிறது. கடைசி நாள் காலையில் அந்த வேஷத்தோடுதான் பீமனும் துரியோதனனும் படுகளத்துக்கு வருகிறார்கள். அதன் பிறகுதான் தீமிதி. கூத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு எந்த முகத்தோடு நெருப்பில் இறங்குவீர்கள்?

"பத்து மணிக்கு மேல் மைக் போடக்கூடாது, சட்டம்" என்பீர்கள். சரி, நியாயம். ஆர்கெஸ்ட்ரா ஒன்றரை மணி வரை எந்தச் சட்டத்தில் பாடியது? "பசங்களுக்குப் பிடிக்கலை" என்பீர்கள். முழுசாகக் காட்டினீர்களா, பிடிக்காமல் போக?

கூத்துக்குப் பேர்போன புரிசை கிராமமும் நம் பழைய வட ஆற்காடு மாவட்டம்தான். 1989இல் மாவட்டம் பிரிந்தபோது திருவண்ணாமலைப் பக்கம் போனது. அங்கே கூத்து வாத்தியார் கண்ணப்பத் தம்பிரானைத் தேடி சென்னை நவீன நாடகக்காரர்கள் வந்து கற்றுக்கொண்டு போனார்கள். நமக்கோ ஆர்கெஸ்ட்ரா வரும்வரை கூட்டத்தை உட்காரவைக்க ஓர் ஆள் தேவை, அவ்வளவுதான்!

என் தாத்தா கட்டியக்காரன், அதாவது கூத்தின் கோமாளி வேஷம் கட்டியவர். ராஜாவையே கேலி செய்வார், ஊர்ப் பெரிய மனுஷரையும் விடமாட்டார், கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். விடிந்ததும் அதே தெருவில் அவர் வெறும் கூத்தாடி. பள்ளிக்கூடத்தில் நான் கூத்தாடி பேரன். அப்பா அதனாலேயே மத்தளத்தைத் தொடவில்லை. எனக்கும் சொல்லித்தரவில்லை. தாத்தா போன பிறகு அவருடைய சலங்கையை யாருக்குக் கொடுத்தோம் என்றுகூட வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லை. அதனால் "உனக்கென்ன இவ்வளவு கோபம்" என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

அன்றைக்கு மேடைக்குப் பின்னால் போனேன். பாஞ்சாலி வேஷக்காரப் பெரியவர் தேங்காய் எண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாதி முகம் பாஞ்சாலி, பாதி முகம் அவர். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அதற்குள் அவரே கேட்டுவிட்டார்: "நாளைக்காவது எத்தனை மணி வரைக்கும் ஆடலாம் தம்பி?"