டாவின்சி ரிசால்வ் கற்றுக்கொள்வது வீண் வேலையா?

நேற்று இரவு நடந்த விவாதத்தை முதலிலிருந்து விளக்கப் போவதில்லை. பார்த்தவர்கள் பார்த்திருப்பீர்கள். டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளைப் பற்றி ஒரு தம்பி கேட்டது ஒரே ஒரு கேள்வி: "டாவின்சி ரிசால்வ் கத்துக்க ஆறு மாசம் ஒதுக்கலாம்னு இருக்கேன், சரியா இருக்குமா?" அதற்கு வந்த பதில்: "எதுக்குத் தம்பி வீண் வேலை? போன்ல ஆப் இருக்கு, டெம்ப்ளேட் இருக்கு. இன்னும் கொஞ்ச நாள்ல ஏஐயே எல்லாத்தையும் வெட்டிக் கொடுத்துடும். அந்த ஆறு மாசத்துல உருப்படியா வேற ஏதாவது பண்ணு." கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். தம்பி "சரிண்ணா, நன்றி" என்று போட்டுவிட்டுப் போய்விட்டான்.

ஒருத்தன் ஆசையாகக் கேட்கிறான். நாலு பேர் சிரித்து அனுப்பி வைக்கிறார்கள். இதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

பதில் சொன்னவர் மேல் எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் கிடையாது. பெயரும் சொல்லப் போவதில்லை. ஆனால் அவர் சொன்னது தவறு. ரிசால்வ் கற்க ஒதுக்கும் ஆறு மாதம் வீண் இல்லை.

ஏனென்றால் அந்த நேரம் மென்பொருளுக்குப் போவதில்லை. எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் சில வாரங்களில் கைக்கு வந்துவிடும். மீதி நேரம் முழுக்கக் கண்ணுக்கும் காதுக்கும் போகிறது. ஒருவர் பேசி முடிக்கும் முன்பே அடுத்தவரின் குரலை உள்ளே கொண்டுவந்து, முகத்தைக் கொஞ்சம் கழித்துக் காட்டினால் உரையாடல் உயிரோடு இருக்கும். ஜே கட் என்கிறோம். அதைச் செய்ய ஒரு நிமிடம் போதும். எங்கே செய்ய வேண்டும், எங்கே செய்யவே கூடாது என்று தெரிய மாதக்கணக்கில் உட்கார்ந்து வெட்ட வேண்டும்.

சரி, அதற்கு ஏன் ரிசால்வ்? இதன் வரலாறு தெரிந்தால் அந்தக் கேள்விக்கே பாதி பதில் கிடைத்துவிடும். டாவின்சி சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் 1980-களிலிருந்தே கலர் கரெக்‌ஷன், அதாவது படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் இயந்திரங்கள் செய்துவந்தது. ரிசால்வ் 2004-இல் வந்தது. அன்றைக்குக் கலர் என்றால் தனி அறை, தனி இயந்திரம், அதற்கென்று தனி ஆள். கற்றுக்கொள்ளும் ஒருவர் அந்த அறைக்குள் எட்டிப் பார்ப்பதே பெரிய விஷயம். 2009-இல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2011-இல் இலவசப் பதிப்பும் வந்தது. அப்புறம் எடிட்டிங் வளர்ந்தது, 2017-இல் ஒலிக்கான ஃபேர்லைட் உள்ளே வந்தது, 2018-இல் எஃபெக்ட்ஸுக்கான ஃப்யூஷன் வந்தது. இன்றைக்கு எடிட்டர், கலரிஸ்ட், ஒலிக்காரர், எஃபெக்ட்ஸ் செய்பவர் என்று நான்கு பேரின் வேலை ஒரே கூரையின் கீழே இருக்கிறது. இலவசப் பதிப்பிலேயே 4கே யூஎச்டி வரை வெளியே எடுக்கலாம். பயிற்சிப் புத்தகங்களைக்கூட அந்த நிறுவனமே இலவசமாகத் தருகிறது. கற்க வருபவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? தனக்கு எடிட்டிங் பிடிக்கிறதா, கலர் பிடிக்கிறதா, ஒலி பிடிக்கிறதா என்று அந்த ஆறு மாதத்தில் அவனே கண்டுபிடித்துவிடுவான்.

கலரை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் இருக்கும் நிறங்களை வரைபடமாகக் காட்டும் வெக்டர்ஸ்கோப் என்று ஒன்று உண்டு. எந்த நிறத்து மனிதராக இருந்தாலும் தோலின் சாயல் அதில் ஏறக்குறைய ஒரே கோட்டின் பக்கத்தில்தான் விழும். இதைத் தெரிந்துகொண்டவர், இரண்டு கேமராவில் எடுத்த ஒரே ஆளின் முகம் ஒன்றில் பச்சையாகவும் இன்னொன்றில் சிவப்பாகவும் தெரிந்தால் திணற மாட்டார். டெம்ப்ளேட் ஃபில்டரோ இரண்டு முகத்தின் மேலும் ஒரே சாயத்தைப் பூசும். பச்சை பச்சையாகவே இருக்கும், சிவப்பு சிவப்பாகவே இருக்கும்.

"நாளைக்கே வேற சாஃப்ட்வேர் வந்தா என்ன பண்ணுவ?" என்று கேட்பார்கள். வரட்டுமே. நீச்சல் தெரிந்தவனுக்குக் குளம் மாறினால் என்ன? ப்ரீமியர், ஃபைனல் கட் இரண்டும் வேறு எடிட்டிங் மென்பொருள்கள். ப்ரீமியரின் ஆரம்பப் பதிப்புகளை உருவாக்கிய ராண்டி உபில்லோஸ்தான் பிறகு ஃபைனல் கட்டுக்கும் அடித்தளம் போட்டார். ஹாலிவுட் எடிட்டர் வால்டர் மர்ச் பிலிமைக் கையால் வெட்டிப் பழகியவர். அவிட் என்ற மென்பொருளில் எடிட் செய்து 1997-இல் ஆஸ்கர் வாங்கினார், பின்னாளில் ஃபைனல் கட்டிலும் படம் வெட்டினார். 2011-இல் ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ் வந்தபோது, அதற்கு முந்தைய 7-ஆம் பதிப்பில் செய்த ப்ராஜெக்ட்களை அதில் திறக்க முடியவில்லை. உலகம் முழுக்க எடிட்டர்கள் கொதித்துப்போனார்கள். நானும் அந்தச் சமயத்தில்தான் ப்ரீமியருக்கு மாறினேன், பிறகு ரிசால்வுக்கு வந்தேன். ஷார்ட்கட் மாறியது, பெயர்கள் மாறின. எங்கே வெட்டுவது என்ற அறிவு கூடவே வந்தது. இன்னொன்றும் சொல்கிறேன். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய "பாரசைட்" படத்தை, கைவிடப்பட்ட அந்த 7-ஆம் பதிப்பில்தான் எடிட் செய்தார்கள். எடிட்டிங்குக்கும் அது பரிந்துரை பெற்றது. மென்பொருள் செத்துப்போய்ப் பல வருடம் கழித்து! கற்றது வீணாகும் என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

ஆப்பை நம்பச் சொல்கிறார்களே, 2025 ஜனவரியில் அமெரிக்காவில் டிக்டாக்கோடு சேர்ந்து கேப்கட் என்ற எடிட்டிங் ஆப்பும் நின்றது நினைவிருக்கிறதா? பிறகு திரும்பி வந்தது, உண்மைதான். ஆனால் டெம்ப்ளேட் மட்டுமே தெரிந்தவர்கள் அந்த நாட்களில் என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி ஏஐ. இதைத்தான் எல்லோரும் கடைசி ஆயுதமாக எடுத்துக்கொண்டு வருகிறார்கள். நான் ஏஐக்கு எதிரி இல்லை. ரிசால்வின் காசு கொடுத்து வாங்கும் ஸ்டூடியோ பதிப்பிலேயே பேச்சை எழுத்தாக்கி, எழுத்தை வைத்து வெட்டும் வசதி இருக்கிறது. ஆளை மட்டும் பிரித்தெடுக்கும் மேஜிக் மாஸ்க் இருக்கிறது. இரண்டையும் பயன்படுத்துகிறேன், நேரம் மிச்சமாகிறது.

ஆனால் ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒரு பெரியவரின் நேர்காணல் என்னிடம் வந்தது. அனுப்பியவர், நேரம் மிச்சப்படுத்துவதாக நினைத்து, மௌனங்களைத் தானாகவே வெட்டும் கருவியில் ஏற்கெனவே அதை ஓட்டியிருந்தார். பெரியவரிடம் அவருடைய இறந்துபோன மகனைப் பற்றி ஒரு கேள்வி. பதில் உடனே வந்தது. ஆனால் ஒரு ஃப்ரேமில் கண்ணாடி மூக்கில் இருக்கிறது, அடுத்த ஃப்ரேமில் மடியில் இருக்கிறது. மூலப் பதிவைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கேள்வியைக் கேட்டதும் அவர் வாயைத் திறக்கிறார், மூடுகிறார், கண்ணாடியைக் கழற்றுகிறார், துடைக்கப் போய்த் துடைக்காமல் மடியில் வைக்கிறார், அதன் பிறகுதான் பேசுகிறார். அந்த நேர்காணலின் உயிரே அந்த இடம்தான். கருவிக்கு அது வெறும் சத்தமில்லாத இடம். நான் அதை முழுசாகத் திரும்ப வைத்தேன், கேள்வி கேட்டவரின் முகத்துக்குக்கூடப் போகாமல் பெரியவரிடமே நின்றேன். அனுப்பியவர் பார்த்துவிட்டு, "இங்க காலியா இருக்கே, ஏன் விட்டீங்க?" என்றார். நேற்று சிரித்தவர்களும் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்கள். அந்த இடம் காலியாக இல்லை என்று தெரியத்தான் அந்த ஆறு மாதம்!

"காசு வாங்கிட்டு எழுதுறியா?" என்று எப்படியும் ஒருவர் வருவார். இல்லை. எனக்கு யாரும் எதுவும் தரவில்லை, நானும் யாரிடமும் கேட்டதில்லை. பிடித்ததைப் பிடித்தது என்று சொன்னாலே சந்தேகப்படுகிறீர்கள் என்றால், மனதார எதையும் யாரும் பேசவே கூடாதா?

"வேலைக்குப் போனா ப்ரீமியர்தான் கேப்பாங்க" என்பதில் நியாயம் உண்டு. கேட்கும் இடத்துக்குப் போவதானால் ப்ரீமியர் கற்றுக்கொள்ளுங்கள். ரிசால்வில் ப்ரீமியரின் கீபோர்டு அமைப்பே இருக்கிறது, மாறுவது பெரிய பாடு இல்லை.

"என் கம்ப்யூட்டர் தாங்காது" என்பது உண்மையான தடை. ரிசால்வ் கிராஃபிக்ஸ் கார்டை ரொம்பவே நம்பியிருக்கும். போனில் எடுத்த வீடியோவை அப்படியே காட்சிகளை அடுக்கும் டைம்லைனில் போட்டால் சின்ன மடிக்கணினி திக்கும். ப்ராக்ஸி, அதாவது இலகுவான நகல் உருவாக்கி எடிட் செய்து, கடைசியில் அசலுக்கு மாறி ரெண்டர் செய்து இறுதி வீடியோவை எடுங்கள். அதற்கும் தாங்கவில்லையென்றால் இலகுவான வேறொன்றில் தொடங்குங்கள், தப்பே இல்லை. கலர் வேலையின் ஒவ்வொரு படியையும் காட்டும் நோடு, ஃப்யூஷன் எல்லாம் முதலில் மிரட்டும். எடிட் பக்கத்தில் கை பழகும்வரை அங்கே போகவே வேண்டாம். ப்ராஜெக்ட் தனி ஃபைலாக இருக்காது, ரிசால்வின் லைப்ரரிக்குள் இருக்கும். அதனால் அவ்வப்போது வெளியே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். நேற்று அந்தத் தம்பிக்கு யாராவது இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை.

உண்மையைச் சொன்னால் என் கோபம் ஒரு மென்பொருளைப் பற்றியது மட்டும் இல்லை. எங்கள் வேலையை யாரும் வேலையாகவே நினைப்பதில்லை. "வெட்டி ஒட்டுறதுதானே, அரை மணி நேரத்துல முடிச்சிடலாமே" என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. வீடியோ நன்றாக வந்தால் எடுத்தவருக்குப் பாராட்டு, பேசியவருக்குப் பாராட்டு. சரியாக வரவில்லையென்றால் "எடிட்டிங் சொதப்பல்". விவரணையில் எல்லார் பெயரும் இருக்கும், வெட்டியவன் பெயர் மட்டும் இருக்காது. கேட்டால் "மறந்துட்டேன், அடுத்த தடவை போடறேன்" என்பார்கள். அந்த அடுத்த தடவை வந்ததே இல்லை. இந்த வேலையில் இருப்பவர்கள் இதையெல்லாம் பொறுத்துக்கொள்கிறோம், பழகிவிட்டது. ஆனால் உள்ளே வர ஆசைப்படுகிறவனையும் வாசலிலேயே நிறுத்திச் சிரித்து அனுப்புவதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

தம்பி, இதைப் படித்தால் ஒதுக்க நினைத்த ஆறு மாதத்தை ஒதுக்கு. உன் முதல் டைம்லைனை எனக்கு அனுப்பு, எத்தனை மோசமாக இருந்தாலும் உட்கார்ந்து பார்க்கிறேன். மற்றவர்கள் கமெண்டில் தாராளமாக வாதம் செய்யலாம். "ஆப்பே போதும்" என்பவர்கள் மட்டும், டெம்ப்ளேட்டில் வெட்டிய பத்து நிமிட உரையாடல் ஒன்றையும் இணைத்து அனுப்புங்கள். எங்கெங்கே வெட்டியிருக்கிறது, ஏன் அங்கே வெட்டியிருக்கிறது என்று சேர்ந்து பார்த்துப் பேசலாம்.