கன்றை மட்டும் எண்ணினால் போதுமா?

சிங்கப்பூரில் ஒரு மில்லியன் மரங்கள் நடும் இயக்கம் 2020இல் தொடங்கியதிலிருந்து நம் தமிழ்க் குடும்பங்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கன்று நடுகிறார்கள். பார்க்கவே மனசு நிறைகிறது. ஆனால் எத்தனை கன்று என்றுதான் பேசுகிறோம். எந்த மண்ணில் வைத்தோம் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய கேள்வி.

இந்தத் தீவின் மண் தானாகக் கெடவில்லை. 19ஆம் நூற்றாண்டில் காட்டை அழித்து, தோல் பதனிடவும் சாயத்துக்கும் பயன்பட்ட காம்பியர் செடியும் மிளகும் போட்டார்கள். காம்பியர் இலையைக் காய்ச்ச விறகு வேண்டுமே, அதற்கு அக்கம்பக்கத்துக் காடும் போனது. சத்து தீர்ந்ததும் தோட்டத்தை அப்படியே போட்டுவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்தார்கள். கைவிட்ட நிலத்தில் முளைத்த தியுப்-தியுப் என்ற சிறு மரங்களின் காட்டை இன்றும் கெண்ட் ரிட்ஜ் குன்றுப் பகுதியில் பார்க்கலாம். அமிலம் ஏறிய, சத்தில்லாத மண். தலைமுறைகள் கடந்தும் பழைய பெருங்காடு அங்கே திரும்பவில்லை.

அமேசானில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கிருந்த பழங்குடிகள் கரி, எலும்பு, மீன்முள், சமையல் கழிவு, உடைந்த பானை என்று பல நூறு ஆண்டுகள் சேர்த்து உண்டாக்கிய கறுப்பு மண் இன்றும் வளமாக இருக்கிறது. 2023இல் வெளியான பிரேசில் ஆய்வு ஒன்றில், சாதாரண மண்ணோடு ஐந்தில் ஒரு பங்கு இதைக் கலந்து கன்று வளர்த்தார்கள். நம் சாலையோரப் பெருங்கொன்றைக்கு உறவான ஒரு மரம் வெறும் சாதாரண மண்ணில் வளர்ந்ததைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு உயரமாக வளர்ந்தது. சத்து மட்டுமல்ல, அந்த மண்ணில் வாழும் நுண்ணுயிர்களும் காரணம் என்கிறார்கள். சரி, மேய்ச்சல் புல்லும் மூன்று மடங்குக்கு மேல் வளர்ந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். மண்ணை வளமாக்கினால் களையும் கொழுக்கும்.

அமேசான் மண்ணை அள்ளி வருவது தப்பு. அந்த மக்கள் செய்ததைத்தான் நாம் செய்ய வேண்டும். சிங்கப்பூரில் 2023இல் சுமார் 755,000 டன் உணவுக் கழிவு சேர்ந்தது. மறுபயனீட்டுக்குப் போனது 18 விழுக்காடுதான். மிச்சமெல்லாம் எரிந்து, சாம்பல் குப்பை நிரப்பும் இடமான செமாக்காவ் தீவுக்குப் போகிறது. மண்ணுக்கு வர வேண்டியதை இப்படிக் கொளுத்துவது எனக்குப் பொறுக்கவில்லை.

அப்புறம், உரம் மட்டும் போதாது. புக்கிட் தீமா காட்டின் செராயா மாதிரிப் பெருமரங்களின் வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சைகள் உண்டு. அவை இல்லாத மண்ணில் கன்று திணறும். நாற்றுப்பண்ணையிலேயே தாய்மரத்தடி மண்ணைக் கொஞ்சம் கலந்துவிட்டால் அந்தத் துணையோடு கன்று வெளியே வரும்.

தேசியப் பூங்காக் கழகத்திடம் நான் கேட்பது இதுதான்: நடும் நாளுக்கு மட்டும் தொண்டூழியர்களைக் கூப்பிடாதீர்கள். அதற்குப் பல மாதம் முன்பே மக்கு உரமும் கரியும் கலக்கக் கூப்பிடுங்கள், நட்ட பிறகு களை பிடுங்கவும் கூப்பிடுங்கள். நாங்கள் வருவோம்.