மெய்ப்புப் பார்க்க ஆள் எங்கே?

கர்ல் என்ற மென்பொருளின் பெயரை உங்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் உங்கள் கைப்பேசியிலோ டிவியிலோ காரிலோ அது ஓடிக்கொண்டிருக்கலாம். இணையத்தில் தரவை எடுக்கவும் அனுப்பவும் பயன்படும் சின்னக் கருவி அது. ஸ்வீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க் 1990களிலிருந்து அதைப் பராமரித்து வருகிறார். யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம். அதில் பாதுகாப்புக் குறை கண்டுபிடித்துச் சொல்பவர்களுக்கு 2019 முதல் பரிசுப் பணம்கூடக் கொடுத்து வந்தார்கள். 2026 ஜனவரியோடு அந்தப் பரிசை நிறுத்திவிட்டார்கள்.

ஏஐ எழுதிக் கொடுத்த போலிப் புகார்கள் குவிந்ததுதான் முக்கியக் காரணம். 2025இல் வந்த ஒரு புகாரைப் படித்தேன். எச்டிடிபி 3 என்ற இணைய நெறிமுறையைக் கையாளும் பகுதியில் பெரிய ஓட்டை இருப்பதாகச் சொல்கிறது. நல்ல ஆங்கிலம், படிப்படியான விளக்கம், நிரல் எங்கே விழுந்தது என்பதற்கான பதிவு, எல்லாம் இருக்கிறது. ஆனால் அதில் குறிப்பிட்டிருக்கும் ஃபங்ஷன், அதாவது நிரல் துண்டு, என்று ஒன்று கிடையவே கிடையாது. இது இல்லாத பொருள் என்று தெரிந்துகொள்ளவே ஒரு மனிதர் உட்கார்ந்து தேட வேண்டியிருக்கிறது. அந்த ஆண்டு ஜூலையில் ஸ்டென்பெர்க் சொன்ன கணக்குப்படி, வருகிற புகார்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இந்த ரகம். உண்மையான குறை என்று முடிவாவது 100க்கு 5 அளவில்தான். ஒவ்வொன்றையும் மூன்று நான்கு பேர் பார்க்கிறார்கள், சிலது மணிக்கணக்கில் இழுக்கிறது. பார்ப்பவர்களில் பெரும்பாலோர் வேறு வேலை செய்துகொண்டே ஓய்வு நேரத்தில் இதற்கு வருகிறவர்கள்.

எனக்குப் படுவது இதுதான். கர்ல் மாதிரி யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருளோ விக்கிப்பீடியாவோ எவ்வளவு நகலெடுத்தாலும் குறைவதில்லை. குறைவது அதைச் சரிபார்க்கிறவர்களின் நேரம். ஏஐ வந்த பிறகு எழுதுகிற செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போய்விட்டது, சரிபார்க்கிற செலவு அப்படியே இருக்கிறது. அந்தச் செலவு முழுவதும் சம்பளம் வாங்காதவர்கள் தலையில் விடிகிறது.

தமிழில் இதை நான் கிட்டத்தில் பார்ப்பது விக்கிமூலத்தில், தன்னார்வலர்கள் பழைய நூல்களை எழுத்தாக்கி ஏற்றும் தளத்தில். அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களின் ஸ்கேன் பக்கம் ஒருபுறம், படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் ஓசிஆர் மென்பொருள் எடுத்த எழுத்து மறுபுறம். பழைய அச்சில் கொம்பு வைத்த ‘லை’, ‘னை’ வந்தால் இயந்திரம் தடுமாறும், துணைக்காலை ‘ர’ என்று படிக்கும். வரி வரியாக ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் பக்கம் மஞ்சளாகும், இன்னொருவர் மறுபடி சரிபார்த்தால்தான் பச்சையாகும். இப்போது சிலர் ஓசிஆர் எழுத்தை அப்படியே சாட்பாட்டில் போட்டு ‘சரிசெய்து’ ஒட்டுகிறார்கள். பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஸ்கேனோடு ஒப்பிட்டால், எழுதியவர் ‘வேணும்’ என்று எழுதியது ‘வேண்டும்’ ஆகியிருக்கிறது, கிழிந்த மூலையில் இல்லாத சொற்கள் புதிதாக முளைத்திருக்கின்றன. ஓசிஆர் செய்த பிழை பார்த்தவுடன் பிழை என்று தெரியும். இது தெரியாது. அதனால் பழைய முறையில் ஒரு பக்கம் திருத்துவதைவிட இதைத் திருத்தக் கூடுதல் நேரம் பிடிக்கிறது.

தமிழ் விக்கிப்பீடியர்களுக்கு இது முதல் அனுபவமும் இல்லை. 2009 வாக்கில் கூகுள் தன் மொழிபெயர்ப்புக் கருவியைக் கொண்டு, கூலிக்கு ஆள் வைத்து, ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் உட்படப் பல மொழி விக்கிப்பீடியாக்களில் ஏற்றியது. நீளமான கட்டுரைகள்தாம், ஆனால் பலவற்றில் தமிழ் வாக்கியம் தமிழாக இல்லை. தமிழ்ச் சமூகம் சும்மா இருக்கவில்லை. தரத்தைப் பற்றிப் பேசினார்கள், 2010 விக்கிமேனியா மாநாட்டில் விமர்சனத்தை முன்வைத்தார்கள். அந்தக் கட்டுரைகளைச் செப்பம் செய்கிற வேலை திட்டம் முடிந்த பிறகும் வெகுகாலம் நீண்டது. அன்று எதிரே ஒரு நிறுவனம் இருந்தது, பேச முடிந்தது. இன்று யார் வேண்டுமானாலும் ஒரு மாலையில் பத்துக் கட்டுரை ஏற்றலாம். யாரிடம் போய்ப் பேசுவது? ஆள் குறைவான மொழிகள் இதைத் தாங்காது. கிரீன்லாந்து மொழி விக்கிப்பீடியாவில் அந்த மொழி தெரியாதவர்கள் இயந்திர மொழிபெயர்ப்பைக் கொட்டியதால், அதை மூடிவிடலாம் என்று அதன் நிர்வாகியே 2025இல் கேட்கும் நிலை வந்தது.

அப்புறம், வாரிக்கொண்டு போகிறவர்கள். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2025 ஏப்ரலில் வெளியிட்ட தகவல்: படங்கள், ஒலி, காணொளி போன்ற கோப்புகளை இறக்க ஆகும் பேண்ட்வித் 2024 ஜனவரியிலிருந்து 50 சதவீதம் உயர்ந்திருக்கிறது. உயர்வுக்குக் காரணம் பெரும்பாலும் ஏஐ பயிற்சிக்காகத் தரவைச் சுரண்டுகிற பாட்கள் என்னும் தானியங்கி நிரல்கள். அதே அறக்கட்டளை அக்டோபரில் சொன்னது: மனிதர்கள் பக்கங்களைப் பார்ப்பது முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய 8 சதவீதம் குறைந்திருக்கிறது. எனக்குக் கவலை தருவது இந்த இரண்டாவது எண்தான். நம்மில் யாரும் எடுத்தவுடன் பங்களிப்பாளராக வரவில்லை. எதையோ படிக்க வந்தோம், ஒரு எழுத்துப்பிழை கண்ணில் பட்டது, ‘தொகு’ என்ற பொத்தானை அழுத்தினோம். பதிலை சாட்பாட்டிலேயே வாங்கிக்கொண்டு போகிறவர் அந்தப் பொத்தானைப் பார்ப்பதே இல்லை. ஏரித் தண்ணீர் பாய்கிற வயல்காரர்கள் குடிமராமத்துக்கு வந்தார்கள், ஏரி எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததால்.

நான் ஏஐக்கு எதிரி இல்லை. இதே கர்ல் திட்டத்துக்கு 2025 செப்டம்பரில் ஒருவர் ஏஐ கருவிகளைக் கொண்டு தேடி ஒரு பட்டியல் அனுப்பினார். அதிலிருந்து பல உண்மையான வழுக்கள் திருத்தப்பட்டன. ஸ்டென்பெர்க் அதைப் பாராட்டியே எழுதினார். அனுப்பியவர் விஷயம் தெரிந்தவர், அதுதான் வித்தியாசம்.

நிறுவனங்களிடம் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. கட்டற்ற மென்பொருளுக்காக 1989இல் வந்த ஜிபிஎல் உரிமம் சொன்னது எளிய விஷயம்: எடு, மாற்று, மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கும்போது அதே உரிமையோடு கொடு. விக்கிப்பீடியாவின் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமமும் அதையே கேட்கிறது, பெயரையும் சொல்லச் சொல்கிறது. கூகுள் 2018இல் வெளியிட்ட பெர்ட் என்ற பன்மொழி ஏஐ மாடல், தமிழ் உட்பட 104 மொழி விக்கிப்பீடியாக்களைக் கொண்டு பயிற்றப்பட்டது. அதை எவரும் இறக்கிப் பயன்படுத்தும்படி வெளியே விட்டார்கள். இன்று பெரிய நிறுவனங்கள் பலவும் எதை வைத்துப் பயிற்றினோம் என்று வாய் திறப்பதில்லை. எது திறமூலம் (ஓப்பன் சோர்ஸ்) என்று வரையறுக்கும் அமைப்பான ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் 2024 அக்டோபரில் வெளியிட்ட திறமூல ஏஐ வரையறையிலும் பயிற்சித் தரவு முழுவதையும் தருவது கட்டாயமில்லை. எனக்கு இதில் சம்மதம் இல்லை. பொதுவில் இருப்பதைத் தின்று வளர்ந்த மாடல் பொதுவுக்கு வர வேண்டும், குறைந்தபட்சம் சர்வர் செலவையாவது கொடுக்க வேண்டும். 2026 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட், மெட்டா, அமேசான் போன்றவை அறக்கட்டளையின் வணிகப் பிரிவான விக்கிமீடியா எண்டர்பிரைசுக்குப் பணம் கொடுத்துத் தரவு வாங்குவது வெளியே வந்தது. நல்லது, ஆனால் கர்ல் மாதிரிச் சிறு திட்டங்களுக்கு அப்படிக் கேட்டு வாங்கும் பலம் எங்கே இருக்கிறது?

அரசும் கவனிக்க வேண்டும். மக்கள் பணத்தில் தமிழ்த் தரவுத் தொகுப்போ மாடலோ உருவானால், கட்டற்ற உரிமத்தில் வெளியிடுவதை டெண்டரிலேயே எழுதிவிட வேண்டும். பிறகு கேட்டால் கிடைக்காது.

ஏஐ துணையோடு தமிழ் விக்கித் திட்டங்களுக்கு வருகிற நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். எந்தக் கருவி பயன்படுத்தினீர்கள் என்று, தொகுக்கும்போது எழுதும் தொகுப்புச் சுருக்கத்தில் சொல்லிவிடுங்கள், யாரும் திட்டப் போவதில்லை. சான்றை நீங்களே திறந்து படித்த பிறகு கட்டுரையில் சேர்த்திடுங்கள். உங்களுக்கு ஐந்து வரிதான் எழுத வருகிறது என்றால் அந்த ஐந்து வரியைப் போடுங்கள், வளர்த்தெடுக்க நாங்கள் கூட வருகிறோம்.