பிழையில் பிறந்த ஆங்கிலச் சொற்கள்

ஆங்கிலத்தின் மிக நீளமான சொல் எது என்று கேட்டு வாட்ஸப்பில் ஒரு செய்தி ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். 45 எழுத்து. நியூமோனோஅல்ட்ரா என்று தொடங்கி, நடுவில் மூச்சு வாங்கி, கோனியோசிஸ் என்று முடியும். எரிமலைத் தூசு நுரையீரலில் படிந்து வரும் நோயாம். அமெரிக்கப் புதிர் ஆர்வலர் சங்கம் ஒன்றின் தலைவராக இருந்த எவரெட் ஸ்மித், நீளமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே 1935இல் கட்டிய சொல் அது. எனக்கு இந்த மாதிரிச் சொற்கள்மேல் மயக்கம் கிடையாது. நீளமாக இருக்கட்டும் என்று செய்தார்கள், நீளமாக இருக்கிறது. அதில் வியக்க என்ன இருக்கிறது?

தெரியாத்தனமாகப் பிறந்த சொற்கள்தான் சுவை. அதிலும், நாம் தினமும் வாயில் போட்டு மெல்லும் சொல்லே அப்படிப் பிறந்தது என்று தெரியவரும்போது கிடைக்கிற சந்தோஷம் தனி.

சிலபஸை எடுத்துக்கொள்ளுங்கள். ரோமானியப் பேச்சாளர் சிசரோ தன் நண்பர் அட்டிக்கஸுக்கு எழுதிய கடிதங்களில் 'சிட்டிபா' என்ற கிரேக்கச் சொல் வருகிறது. சுருளாக வைத்திருக்கும் நூல்களில், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிவதற்காக ஒட்டும் தோல்சீட்டு அது. 15ஆம் நூற்றாண்டில் அந்தக் கடிதங்களை அச்சிட்டபோது யாரோ அதைத் தவறாகப் படித்து 'சிலபோஸ்' ஆக்கிவிட்டார்கள். அந்த அச்சுப்பிழை அப்படியே லத்தீன் வேடம் போட்டுக்கொண்டு ஆங்கிலத்துக்குள் நுழைந்து, பாடத்திட்டம் ஆகி உட்கார்ந்துவிட்டது. இதன் பன்மை 'சிலபை'யா 'சிலபஸஸ்'ஸா என்று இலக்கணப் புலிகள் இன்னும் மல்லுக்கட்டுவதுதான் வேடிக்கை. பிழைக்குப் பிறந்த பிள்ளைக்கு எந்தக் குல வழக்கப்படி பெயர் வைப்பது?

அகராதிக்குள்ளேயே பிறந்த பிழையும் உண்டு. 1934இல் வெளிவந்த வெப்ஸ்டர் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் 'டோர்ட்' என்று ஒரு சொல் இருந்தது. பொருள்: அடர்த்தி. நடந்தது இதுதான். வேதியியல் பகுதியைப் பார்த்த ஆசிரியர், 'பெரிய டி அல்லது சின்ன டி அடர்த்தியைக் குறிக்கும் சுருக்கம்' என்று ஒரு சீட்டு எழுதி அனுப்பினார். ஆங்கிலத்தில் 'அல்லது' என்பது 'ஆர்' அல்லவா? 'டி ஆர் டி'. அந்தக் காலத்தில் புதிய சொல்லைச் சீட்டில் எழுத்துக்கு எழுத்து இடம்விட்டு எழுதுவது அலுவலக வழக்கம். அதனால் அடுத்தவர் கண்ணுக்கு 'டி', 'ஆர்', 'டி' மூன்றும் சேர்ந்து ஒரே சொல்லாகத் தெரிந்துவிட்டது. உச்சரிப்பெல்லாம் போட்டு அச்சாகியும் விட்டது. 1939இல் ஓர் ஆசிரியர் கண்ணில் பட்டது எப்படித் தெரியுமா? மற்ற சொற்களுக்கெல்லாம் இருந்த வேர் விளக்கம் இதற்கு மட்டும் இல்லை! ஊர் பேர் தெரியாத ஆள் என்று பிடிபட்டுவிட்டது. எனக்கென்னவோ அதை நீக்காமலே விட்டிருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

அப்புறம் வெட்டுப் பிழைகள். சமையலறையில் கட்டிக்கொள்ளும் ஏப்ரன் முதலில் 'நாப்ரன்'. 'அ நாப்ரன்' என்று சொல்லிச் சொல்லி, அந்த 'ந்' முன்னால் ஒட்டிக்கொண்டு 'அன் ஏப்ரன்' ஆனது. அதன் உறவான நாப்கின் மட்டும் தன் எழுத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. நிக்நேம் இதற்கு நேர் எதிர். கூடுதல் பெயர் என்ற பொருளில் 'அன் ஈக்நேம்' என்று இருந்தது, பக்கத்து வீட்டு 'ந்'னைத் திருடி 'அ நிக்நேம்' ஆகிவிட்டது. நம் புலவர்கள் பிரிமொழிச் சிலேடை என்று மெனக்கெட்டுச் செய்ததை, அங்கே ஊரே கூடித் தெரியாமல் செய்திருக்கிறது.

ஆரஞ்சுக்கும் இதே கதையைச் சொல்வார்கள். அது பாதிதான் சரி. நாரங்க என்ற வடசொல் பாரசீகம், அரபு வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. ஸ்பானியத்தில் இன்றும் அந்த 'ந' இருக்கிறது. இத்தாலிய, பிரெஞ்சு வாய்களில் உதிர்ந்த பிறகுதான் சொல் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. அந்த வடசொல்லுக்கே திராவிட மூலம் இருக்கலாம் என்று அகராதிகள் சொல்கின்றன; நாரத்தையை நினைத்துக்கொள்ளலாம். 'இருக்கலாம்' என்பதை 'இருக்கிறது' ஆக்கிப் பகிர்ந்துவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.

ஏனென்றால் என் பெரிய எரிச்சலே கட்டுக்கதைகள்தான். 'போஷ்' என்பது இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வந்த பணக்காரர்களின் கப்பல் டிக்கெட்டில் குத்திய முத்திரையாம். போகும்போது இடப்பக்க அறை, திரும்பும்போது வலப்பக்க அறை; ஆங்கிலத்தில் 'போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்', அதன் நாலு முதலெழுத்து. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி முத்திரை குத்திய ஒரு டிக்கெட்கூட இதுவரை கிடைத்ததில்லை. பொதுவாக, ஒரு பழைய சொல்லை முதலெழுத்துகளின் சுருக்கம் என்று யாராவது சொன்னால் உடனே சந்தேகப்படுங்கள். இருபதாம் நூற்றாண்டுக்கு முன் சொற்கள் அப்படிப் பிறந்தது அபூர்வம். மெய்க்கதை இவ்வளவு ருசியாக இருக்கும்போது பொய்க்கதை எதற்கு?

பிழைகள் நின்றுவிட்டதாகவும் நினைக்க வேண்டாம். ஹாம்பர்கரின் பெயர் ஹாம்பர்க் நகரத்திலிருந்து வந்தது. அதை 'ஹாம்', 'பர்கர்' என்று மக்கள் வெட்டிக்கொண்டார்கள், இன்று எதற்குப் பின்னாலும் பர்கர் ஒட்டலாம். ஹெலிகாப்டரில் இருக்கும் கிரேக்கத் துண்டுகள் 'ஹெலிகோ', 'ப்டெர்': திருகுச் சுருள், இறக்கை. டெரோடாக்டைல் என்ற பழங்காலப் பறக்கும் விலங்கின் பெயரில் இருப்பதும் இதே இறக்கைதான். ஆனால் நம் நாக்கு அதை 'ஹெலி', 'காப்டர்' என்று வெட்டியது. ஒரு துண்டில் ஹெலிபேட் கட்டினோம். மற்றத் துண்டை நான்கு விசிறி வைத்த டிரோனுக்குக் கொடுத்துக் குவாட்காப்டர் என்று பெயர் வைத்தோம்.