அம்மாவுக்கு ஒரு புத்தகம் கொடுக்க முடியவில்லை

காசு கொடுத்து மின்னூலாக வாங்கிய ஒரு நாவலை அம்மாவுக்குப் படிக்கக் கொடுப்பதற்காக இந்த மாதம் பதினோரு நாள் அலைந்திருக்கிறேன். விலை 199 ரூபாய். பதினோரு நாளில் ஒரு கோடு போட்ட நோட்டை வாங்கி, பெரிய பெரிய எழுத்தில் பாதி நாவலைக் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கலாம்.

அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. கும்பகோணத்தில் இருக்கிறார். போன வருடம் இரண்டு கண்ணிலும் புரை எடுத்தோம். வலது கண் தேறிவிட்டது. இடது கண்ணில் சர்க்கரை தன் வேலையைக் காட்டிவிட்டதால் பொடி எழுத்து தெரிவதில்லை. ஆனால் படிக்காமல் இருக்க மாட்டார். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு வைத்த தலைமுறை. அப்படி இருபதுக்கு மேல் பைண்டு வால்யூம் இன்னும் வீட்டு அலமாரியில் இருக்கிறது. நடுவில் நாலு அத்தியாயம் காணாது. எண்ணெய்க் கறை இருக்கும். யாரோ கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் "இவன்தான் கொலைகாரன்" என்று பென்சிலில் எழுதி வைத்திருப்பார்கள் (என் சித்தப்பா என்று சந்தேகம்). அதெல்லாம் நாற்பது வருடம் கழித்தும் திறந்தால் திறக்கிறது. தெருவில் பாதிப் பேர் இரவல் வாங்கிப் படித்ததுதான். ஒருவரிடமும் ஓடிபி கேட்டதில்லை.

சரி, அம்மாவுக்கு ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுப்போம், எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு படிக்கட்டும் என்று நினைத்தேன். என் மின்னூல் கணக்கில் அறுபது தமிழ்ப் புத்தகம் இருக்கிறது. அத்தனையும் காசு கொடுத்து வாங்கியது. எந்தக் கடை என்று சொல்லவில்லை. சொன்னால், எங்கள் கடை அப்படியில்லை, மற்றதில் வாங்கியிருக்க வேண்டும் என்று அறிவுரை சொல்ல நாலு பேர் வருவீர்கள். டேப்லெட்டில் செயலியைப் போட்டு, உள்ளே நுழைந்து, நாவலைத் தொட்டேன். இந்தக் கணக்கில் அனுமதிக்கப்பட்ட சாதனங்களின் எண்ணிக்கை முடிந்துவிட்டதாம்.

எந்தச் சாதனங்கள் என்று பார்த்தால், ஒன்று 2019-ல் கிணற்றடியில் வாளிக்குள் விழுந்து செத்த போன். இன்னொன்று கடையில் எக்ஸ்சேஞ்சில் கொடுத்தது. மூன்றாவது, பழைய ஆபீஸ் லேப்டாப். பழைய சாதனத்தை நீக்க வேண்டுமென்றால் அந்தச் சாதனத்திலிருந்தே உள்நுழைந்து நீக்க வேண்டும் என்கிறது உதவிப் பக்கம். வாளியில் விழுந்த போனுக்குக் காரியமே முடிந்துவிட்டது, அதை எங்கே போய் உள்நுழைய வைப்பது?

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். உங்கள் அசௌகரியத்துக்கு வருந்துகிறோம் என்று ஒரு பதில். மறுபடி எழுதினேன். அதே வருத்தம், வேறு பெயரில். ஆறாவது நாள் ஒரு புண்ணியவான் பழைய சாதனங்களை நீக்கிக் கொடுத்தார். டேப்லெட்டில் நாவல் திறந்தது. அம்மாவுக்கு வாட்ஸாப்பில் வீடியோ கால் போட்டு எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னால், அந்தப் புத்தகத்தில் எழுத்து பெரிதாகவே இல்லை. அச்சுப் பக்கத்தை அப்படியே படமாக எடுத்துப் போட்டிருக்கிறார்கள். விரலால் இழுத்தால் பக்கம் பெரிதாகிறது, வரி திரைக்கு வெளியே ஓடுகிறது. ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ள வேண்டும். அம்மா இரண்டு பக்கம் தள்ளிப் பார்த்துவிட்டு, "இது படிக்கிறதா, தறி நெய்யிறதா?" என்று கேட்டார்.

வாசித்துக் காட்டும் வசதியாவது கைகொடுக்குமா என்று தேடினேன். படத்தில் எழுத்து ஏது, இயந்திரம் எதை வாசிக்கும்? என் கணக்கில் எழுத்தாகவே இருக்கும் வேறொரு நாவலை எடுத்தேன். அதற்குப் பதிப்பாளர் அந்த வசதியை அனுமதிக்கவில்லை என்று வந்தது. ஒரு பத்தியை நகலெடுத்து வேறு செயலியில் ஒட்டி வாசிக்கவிடலாமென்றால் நகலெடுக்க விடாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் கறுப்புச் சதுரம்.

"காசு கொடுத்துத்தானடி வாங்குன?" என்றார் அம்மா. ஆமாம் என்றேன். "அப்புறம் என்ன?"

அம்மாவின் இந்த அப்புறம் என்ன என்பதற்குப் பதில் தேடித்தான் நானும் பதிப்புரிமைச் சட்டத்தையெல்லாம் எடுத்துப் படிக்கும்படி ஆனது. படித்ததும் கோபம் குறையும் என்று நினைத்தேன். ஏறிவிட்டது.

ஏனென்றால் நம் சட்டம் என் அம்மா பக்கம்தான் இருக்கிறது. 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தை 2012-ல் திருத்தியபோது 52-வது பிரிவில் ஒன்றைச் சேர்த்தார்கள். ஊனமுற்றவர்கள் படிப்பதற்கு வசதியான வடிவத்துக்கு ஒரு நூலை மாற்றினால், அதைச் சொந்த உபயோகத்துக்காக அவர்களிடம் பகிர்ந்தால், அது பதிப்புரிமை மீறல் ஆகாது. பார்வை குறைந்தவர்களுக்காக மொராக்கோ நாட்டின் மராகேஷில் 2013-ல் உலக ஒப்பந்தம் ஒன்று போட்டார்கள். அதை 2014-ல் உலகத்திலேயே முதலாவதாக ஏற்று உறுதி செய்த நாடு இந்தியா. பெருமைதான். அந்தப் பெருமை கும்பகோணத்தில் என் அம்மாவின் டேப்லெட் வரை வந்து சேரவில்லை. சட்டத்தில் விதிவிலக்கு இருக்கிறது, நகலெடுக்க விடாமல் மின்னூலுக்குப் போட்டிருக்கும் மென்பொருள் பூட்டில் இல்லை. எதிரே இருப்பது நகல் எடுத்து விற்கிறவனா, கண் தெரியாத கிழவியா என்று பூட்டு பார்ப்பதில்லை. இரண்டு பேருக்கும் ஒரே கறுப்புச் சதுரம்.

அண்ணன் மகன் கணினி படிக்கிறான். "அத்தை, அதை உடைக்க மென்பொருள் இருக்கு, பத்து நிமிஷ வேலை" என்றான். அதற்கும் சட்டத்தைப் பார்த்தேன். 65ஏ பிரிவு. அதுவும் 2012-ல் வந்ததுதான். பதிப்புரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு வருடம் வரை சிறை, கூடவே அபராதம். எண்ணம் நல்லதாக இருந்து, சட்டம் தடுக்காத காரியத்துக்கு என்றால் குற்றமில்லை. இதுவரை நியாயம். அடுத்த வரியில்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படி உடைக்க இன்னொருவருக்கு உதவி செய்கிறவர், யாருக்கு உதவினாரோ அவருடைய பெயர், முகவரி, என்ன நோக்கம் என்ற எல்லா விவரத்தையும் பதிந்து வைத்திருக்க வேண்டுமாம். ஆக, என் மருமகன் ஒரு பேரேடு திறந்து, "அத்தை, ஸ்ரீரங்கம், நோக்கம்: பாட்டிக்கு நாவல்" என்று எழுதி வைக்க வேண்டும். மாற்றுச் சாவி செய்கிறவரிடம்கூட நம்மூரில் இவ்வளவு கறார் கிடையாது.

சட்டம் விட்டாலும் கடை விடாது என்பது வேறு கதை. நாம் படிக்காமல் "ஒப்புக்கொள்கிறேன்" என்று தட்டிய நிபந்தனைகளில், பூட்டில் கை வைத்தால் கணக்கை மூடலாம் என்று இருக்கிறது. ஒரு புத்தகத்தைத் திறக்க அறுபது புத்தகத்தைப் பணயம் வைக்க எனக்குத் துணிவில்லை. வேண்டாம்டா என்று சொல்லிவிட்டேன்.

இது ஏதோ என் ஒருத்தியின் தலையெழுத்து என்றால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். 2009 ஜூலையில் அமேசான் என்ன செய்தது தெரியுமா? விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரியவந்ததும், ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில் என்ற மின்னூல் கருவிகளிலிருந்து சில புத்தகங்களைத் தொலைவிலிருந்தே அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அப்புறம் அப்போதைய தலைவர் ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். அழிந்ததில் ஒன்று எது என்றால் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவல். அரசாங்கம் தனக்கு ஆகாத பழைய காகிதங்களைக் குழியில் போட்டு எரிக்கிற கதை. இதற்கு மேல் நான் என்ன சொல்ல. ஒரு பள்ளி மாணவன் அதில் எழுதி வைத்திருந்த குறிப்புகளெல்லாம் வீணாகி வழக்குப் போட்டான்.

மைக்ரோசாஃப்ட் 2019-ல் தன் மின்னூல் கடையை மூடியபோது விற்ற புத்தகங்களையும் சேர்த்தே மூடிவிட்டது. அங்கே வாங்கியது எதுவும் அதே வருடம் ஜூலைக்குப் பிறகு திறக்கவில்லை. பணம் திரும்ப வந்தது. குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர். நம்மூரில் ஒரு புத்தகக் கடை மூடினால் கடைக்காரர் வீடு வீடாக வந்து, நீங்கள் வாங்கினதை எடுங்கள், காசைப் பிடியுங்கள் என்று அலமாரியைத் துழாவுவாரா? அப்புறம் 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய கிண்டில் புத்தகத்தைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியையும் அமேசான் எடுத்துவிட்டது. வாங்கியவர் கையில் ஒரு கோப்பாவது கிடந்தது, அதுவும் போயிற்று.

பிறகு எதற்கு அந்தப் பொத்தானில் "வாங்கு" என்று போடுகிறார்கள்? அது வாடகை. அதுவும் எத்தனை நாளைக்கு என்று சொல்லாத வாடகை. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. டிஜிட்டல் பொருளை விற்கும்போது, இது வெறும் உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் "வாங்கு" என்ற சொல்லைப் போடக் கூடாது. நமக்கும் அப்படி ஒன்று வரட்டும். குறைந்தபட்சம் ஏமாறுகிறோம் என்று தெரிந்து ஏமாறுவோம்.

அச்சுப் புத்தகத்துக்கு இந்த வம்பே கிடையாது. ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்ட பிரதியின் மேல் ஆசிரியரின் வெளியீட்டு உரிமை பாயாது என்று நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 14-வது பிரிவு சொல்கிறது. அதனால்தான் திருவல்லிக்கேணி நடைபாதையில் பழைய புத்தகம் விற்க முடிகிறது, தெருமுனையில் வாடகை நூல் நிலையம் நடந்தது, அம்மாவின் பைண்டு வால்யூம் ஊர் சுற்றியது.

எழுத்தாளருக்கு நஷ்டம் வராதா என்று கேட்பீர்கள். வரக் கூடாது. தமிழில் எழுதிப் பிழைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். டெலிகிராமில் புத்தகத்தைப் பிடிஎஃப் போட்டுவிட்டு "நண்பர்களே, படித்து மகிழுங்கள்" என்று எழுதுகிறவனைப் பார்த்தால் எனக்கும் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அந்தப் பிடிஎஃப்பைத் திறந்து பாருங்கள். பக்க ஓரத்தில் கட்டைவிரல் தெரியும். நடுவில் நூலகத்தின் முத்திரை இருக்கும். அச்சுப் புத்தகத்தை ஸ்கேன் செய்தது. மின்னூலில் எத்தனை பூட்டுப் போட்டாலும் அவன் அந்த வாசல் பக்கம் வரவே போவதில்லை. கொல்லைப்புறத்தில் சுவரே கிடையாது, வாசலில் ஏழு பூட்டு. பூட்டில் மாட்டிக்கொண்டு நிற்பது காசு கொடுத்தவள்.

எழுதுகிற தோழி ஒருத்தியிடம் இதைக் கேட்டேன். தானே மின்னூல் வெளியிடுகிறவள். "பதிவேற்றும்போது டிஆர்எம், அதாவது நீ சொல்கிற பூட்டு, வேண்டுமா என்று ஒரு கேள்வி வரும். பாதுகாப்பு வேண்டுமா என்று கேட்டால் யாராவது வேண்டாம் என்பார்களா?" என்றாள். அந்தக் கட்டத்தை டிக் செய்தால் யாருக்குப் பாதுகாப்பு என்று அவளுக்கும் யாரும் சொல்லவில்லை. அமெரிக்காவில் அறிவியல் புனைகதை வெளியிடும் டோர் புக்ஸ் 2012-ல் தன் மின்னூல்களில் பூட்டை மொத்தமாக எடுத்துவிட்டது. ஒரு வருடம் கழித்து, திருட்டு குறிப்பிடும்படியாக ஒன்றும் கூடவில்லை என்று அவர்களே சொன்னார்கள். ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடையில் விற்ற பாட்டுகளிலும் 2009-ல் பூட்டை எடுத்தார்கள். பாட்டு விற்பது நின்றா போயிற்று?

இதில் எனக்கு ஆறாத எரிச்சல் ஒன்று உண்டு. அம்மாவின் டேப்லெட்டில் இப்போது புத்தகம் இல்லாமல் இல்லை. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலிருந்து பழைய நூல்கள் இறக்கிக் கொடுத்தேன். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்திலிருந்து பத்துப் பதினைந்து. எல்லாம் எழுத்தாளர்களோ சட்டமோ மனமுவந்து கொடுத்தவை, ஒரு பைசா கிடையாது. தொட்டதும் திறக்கிறது. எழுத்து பலகாரத் தட்டு மாதிரி பெரிதாகிறது. வாசித்தும் காட்டுகிறது. உயிரோடு இருக்கிற ஒரு எழுத்தாளருக்கு நான் 199 ரூபாய் கொடுத்து வாங்கியது மட்டும்தான் அம்மாவுக்குத் திறக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் தோற்றுப்போய் அதே நாவலின் அச்சுப் பிரதியைப் பதிப்பகத்திலேயே ஆர்டர் செய்தேன். 450 ரூபாய், கூரியர் 60. ஒரே கதைக்கு இரண்டு முறை காசு. அதே சமயத்தில் மின்னூல் கடையிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று. அதற்கு நான் எழுதிய பதிலை இங்கே போட முடியாது, அம்மா இந்தப் பதிவைப் படிப்பார்.

நேற்று சாயங்காலம் போன் செய்தேன். பூதக்கண்ணாடியை வைத்து முப்பத்தெட்டாம் பக்கம் வரை வந்திருக்கிறார். முடித்ததும் தனக்கு வேண்டும் என்று எதிர்வீட்டு அக்கா சொல்லி வைத்திருக்கிறாராம்.

"கதை நல்லாத்தான் இருக்குடி," என்றார் அம்மா. "எழுத்துதான் ரொம்பப் பொடிசு."