சபாநாயகர் சீட்டு எழுதிக் கொடுத்தால் கோர்ட் நிற்க வேண்டுமா?

தமிழ்நாட்டில் ஆளுநருக்கும் சட்டமன்றத்துக்கும் நடந்த இழுபறியில் நான் சட்டமன்றத்தின் பக்கம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே எழுதப்போவதைப் படித்துவிட்டு என்னைக் கொண்டுபோய் ஆளுநர் மாளிகை வாசலில் நிறுத்த வேண்டாம்.

நடந்தது தெரிந்த கதைதான். 2023 நவம்பரில் ஆளுநர் பத்து மசோதாக்களைத் திருப்பினார். சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் போட்டு அதே மாதம் 18ஆம் தேதி அவற்றை மறுபடியும் நிறைவேற்றியது. அவர் கையெழுத்துப் போடாமல் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவைத்தார். 2025 ஏப்ரல் 8ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள், அப்படி அனுப்பியது செல்லாது, பத்துக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ள வேண்டும் என்றார்கள். நவம்பர் 20ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு வேறு மாதிரி சொன்னது: காலக்கெடு விதிக்கவோ, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவோ நீதிமன்றத்துக்கு இடமில்லை, அதற்காக ஆளுநர் காலவரையின்றி மசோதாவின் மேல் உட்கார்ந்திருக்கவும் முடியாது.

"உங்க ஊர்ல இந்தக் கவர்னர் தொல்லை உண்டா?" என்று மதுரையில் இருக்கும் நண்பன் ஃபோனில் கேட்டான். இங்கே டர்பனில், குவாசுலு-நட்டால் மாகாணத்தில், அப்படி ஒரு பதவியே கிடையாது. தென்னாப்பிரிக்காவின் ஒன்பது மாகாணங்களிலும் பிரீமியர்தான், அதாவது நம் முதலமைச்சர் மாதிரி. அவரை மாகாணச் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கிறது, அவையே நீக்கவும் செய்யும். மசோதா அவர் மேசைக்கு வந்தால் என்ன செய்யலாம் என்பது அரசியல் சாசனத்தின் 121ஆம் பிரிவில் தெளிவாக இருக்கிறது. கையெழுத்துப் போடலாம். சாசனத்துக்கு முரணாக இருக்குமோ என்ற ஐயம் இருந்தால் அவைக்குத் திருப்பலாம். 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பது காரணம் ஆகாது. அவை மறுபரிசீலனை செய்து அனுப்பிய பிறகும் ஐயம் தீரவில்லையா, அரசியல் சாசன நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். நீதிமன்றம் சரி என்றால் கையெழுத்துப் போட்டே தீர வேண்டும். எங்கோ தலைநகரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளும் வழி இல்லை.

காலக்கெடு மட்டும் இங்கேயும் எழுதப்படவில்லை. தேசிய அளவில் ஜனாதிபதிக்கும் ஏறக்குறைய இதே விதிதான், அங்கே அதன் பலனைப் பார்த்துவிட்டோம். 2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பதிப்புரிமைத் திருத்த மசோதாவை ராமபோசா 2020 ஜூனில் திருப்பினார். 2024இல் அது மறுபடி வந்தபோது நீதிமன்றத்துக்கு அனுப்பினார். ஆக, நாங்களும் ஒன்றும் சுத்தத் தங்கம் இல்லை.

இதுவரை நண்பனுக்கு இனித்தது. அப்புறம் நான் கேட்டேன்: சரி, இதே சட்டமன்றம் உன்னைப் பிடித்து உள்ளே போட்டால் யாரிடம் போவாய்?

அப்படியெல்லாம் நடக்குமா என்பவர்களுக்கு: 1987 ஏப்ரல். ஆனந்த விகடன் அட்டையில் எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் கிண்டல் செய்து ஒரு ஜோக். ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல். தண்டனை கொடுத்தது எந்த நீதிபதியும் இல்லை, சட்டமன்றம். 'சபாநாயகருக்கு வானளாவிய அதிகாரம்' என்ற பேச்சு டீக்கடை வரை புழங்கியது பி.எச்.பாண்டியன் சபாநாயகராக இருந்த அந்தக் காலத்தில்தான். ஊரே கொதித்ததால் ஆசிரியர் சில நாளில் வெளியே வந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை, வழக்குப் போட்டார். 1994இல் உயர் நீதிமன்றம் அவருக்கு ஆயிரம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2003 நவம்பரில் இந்து நாளிதழைச் சேர்ந்த ஐந்து பேருக்கும் முரசொலி ஆசிரியர் செல்வத்துக்கும் 15 நாள் சிறை என்று அதே அவை தீர்மானம் போட்டது. முரசொலி செய்த குற்றம், இந்துவின் தலையங்கத்தைத் தமிழில் வெளியிட்டது. மூன்றே நாளில் உச்ச நீதிமன்றம் கைதுக்குத் தடை போட்டது.

ஆளுநர் செய்தால் ஜனநாயகப் படுகொலை, அவை செய்தால் அவை மாண்பு. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்கிற கதைதான்.

இதற்கெல்லாம் வேர் இந்திய அரசியல் சாசனத்தின் 194(3)ஆம் பிரிவு. சட்டமன்றத்தின் உரிமைகள் என்னென்ன என்று சட்டமன்றமே சட்டம் இயற்றி வரையறுக்கலாம். அதுவரை பிரிட்டிஷ் காமன்ஸ் சபைக்கு 1950இல் இருந்த உரிமைகள் இருக்கும். 1978இல் 44ஆவது திருத்தம் காமன்ஸ் சபையின் பெயரை எடுத்துவிட்டது, சரக்கை எடுக்கவில்லை. 'அதுவரை' என்று போட்ட இடைக்கால ஏற்பாடு எழுபது வருடத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1964 உத்தரப் பிரதேசத்தைப் பார்க்க வேண்டும். கோரக்பூரைச் சேர்ந்த கேசவ் சிங் என்ற சோசலிஸ்ட் தொண்டர் ஒரு எம்.எல்.ஏ.வைத் திட்டித் துண்டறிக்கை போட்டார். அவையில் கொண்டுவந்து நிறுத்தினால், மனிதர் சபாநாயகருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஏழு நாள் ஜெயில். சாலமன் என்ற வக்கீல் ஆட்கொணர்வு மனுப் போட, உயர் நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் ஜாமீன் கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து அவை என்ன தீர்மானம் போட்டது தெரியுமா? அந்த இரண்டு நீதிபதிகளையும், வக்கீலையும், கேசவ் சிங்கையும் காவலில் பிடித்து அவை முன்னால் கொண்டுவர வேண்டும்! ஜாமீன் கொடுத்ததற்காக நீதிபதி கைது. நீதிபதிகள் தங்கள் நீதிமன்றத்திலேயே மனுப் போட்டார்கள். 28 நீதிபதிகள் ஒன்றாக உட்கார்ந்து தடை கொடுத்தார்கள். ஒரு மாநிலத்தில் சட்டமன்றத்தின் காவலரும் நீதிமன்றத்தின் ஆணையும் நேருக்கு நேர் நிற்கும் நிலை. குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டார். ஏழு பேரில் ஆறு பேர், நீதிபதிகள் அவை அவமதிப்பு எதுவும் செய்யவில்லை, அவர்களைக் கூப்பிட அவைக்கு அதிகாரம் இல்லை என்றார்கள். இதில் பாவம் கேசவ் சிங்தான். அடுத்த வருடம் அவருடைய மனு தள்ளுபடியானது.

அவைதான் பெரிது, நீதிமன்றம் கேட்கக் கூடாது என்கிற இந்த வண்டியைக் கடைசி வரை ஓட்டிப் பார்த்த நாடு தென்னாப்பிரிக்கா. கேப் மாகாணத்தில் கலப்பினத்தவருக்கு வெள்ளையரோடு ஒரே பட்டியலில் வாக்குரிமை இருந்தது. அதைத் தொட வேண்டுமானால் இரு அவைகளும் ஒன்றாக உட்கார்ந்து மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் முடிவெடுக்க வேண்டும் என்று நாட்டை உருவாக்கிய 1909ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே பூட்டுப் போட்டிருந்தார்கள். 1951இல் பிரதமர் மலானின் அரசு சாதாரணப் பெரும்பான்மையில், தனித்தனியாகக் கூடி, அந்த வாக்குரிமையைப் பறித்தது. 1952 மார்ச் 20ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒரே குரலில் செல்லாது என்றார்கள்.

அரசு என்ன செய்தது? 'நாடாளுமன்ற உயர் நீதிமன்றம்' என்று ஒன்றைச் சட்டம் போட்டு உண்டாக்கியது. எம்.பி.க்கள் அத்தனை பேரும் நீதிபதிகள்! நாடாளுமன்றச் சட்டத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தால், அந்தத் தீர்ப்பை இவர்கள் உட்கார்ந்து சாதாரணப் பெரும்பான்மையில் ரத்து செய்யலாம். எதிர்க்கட்சி புறக்கணித்தது. ஆளுங்கட்சி எம்.பி.க்கள் ஆகஸ்டில் கூடி, தங்கள் சட்டம் சரியே என்று தங்களுக்கே தீர்ப்பு வழங்கிக்கொண்டார்கள். நவம்பரில் உண்மையான நீதிமன்றம், இது நீதிமன்றமே இல்லை என்று அதையும் தள்ளியது.

இங்கே கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 1955இல் இப்படிப்பட்ட வழக்குகளை விசாரிக்கும் நீதிபதிகளின் எண்ணிக்கையைப் பதினொன்றாக்கினார்கள். மேலவையில் இருந்த 48 இடங்களை 89 ஆக்கித் தங்கள் ஆட்களால் நிரப்பினார்கள். மூன்றில் இரண்டு பங்கு வந்துவிட்டது. 1956இல் வாக்குரிமை போனது. பதினொரு நீதிபதிகளில் பத்துப் பேர் சரி என்றார்கள். ஷ்ரைனர் என்ற ஒருவர் மட்டும் மறுத்து எழுதினார். முதல் ஐந்து பேர் காத்த பூட்டை உடைக்க அவர்களை மிரட்டக்கூடத் தேவைப்படவில்லை, நாற்காலிகளைக் கூட்டியதே போதுமாக இருந்தது.

நம் ஆட்களுக்கு அந்தப் பூட்டும் கிடைத்ததில்லை. நட்டால் நாடாளுமன்றம் 1896இலேயே இந்தியர் புதிதாக வாக்காளராக முடியாதபடி சட்டம் போட்டுவிட்டது. 'இந்தியர்' என்ற சொல்லே அதில் கிடையாது. நாடாளுமன்ற வாக்குரிமை இல்லாத நாடுகளிலிருந்து வந்தவர்கள் என்று மழுப்பலாக எழுதியிருந்தார்கள். 1983இல் பிரதமர் பி.டபிள்யூ. போத்தா மூன்று அவை நாடாளுமன்றம் கொண்டுவந்தார்: வெள்ளையருக்கு 178 இடம், கலப்பினத்தவருக்கு 85, இந்தியருக்கு 45. எந்த விஷயம் எந்த இனத்தின் 'சொந்த விவகாரம்' என்பதை ஜனாதிபதி முடிவு செய்வார், அது சரியா தவறா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது.

டர்பனில் இந்தியர் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தில் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் தமிழ் வகுப்புக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வருவார். எல்லோரும் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். 1984 தேர்தலைப் பற்றிக் கேட்டேன். சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நாப்பத்தஞ்சு நாற்காலி குடுத்தாங்க தம்பி. உக்காரலாம், பேசலாம். கதவு மட்டும் அவங்க கையில. நாங்க ஓட்டுப் போடப் போகல." பதிவு செய்த இந்திய வாக்காளர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் போனார்கள்.

எல்லா இனத்தவருக்கும் ஓட்டு வந்த 1994க்குப் பிறகும் பழைய வாடை உடனே போய்விடவில்லை. 1997இல் பட்ரிசியா டிலில் என்ற எதிர்க்கட்சி எம்.பி., ஆளுங்கட்சியில் சிலர் வெள்ளை ஆட்சிக்கு ஒற்றர்களாக இருந்தார்கள் என்று அவையில் பேர் சொல்லிப் பேசினார். சொன்னதைத் திரும்பப் பெறு என்றதும் திரும்பப் பெற்றார். ஆனாலும் குழு போட்டு 15 அமர்வு நாட்களுக்கு அவரை வெளியே அனுப்பினார்கள். அவர் நீதிமன்றம் போனார். அங்கேதான் அந்தச் சீட்டு வந்தது. 'இது அவை உரிமை சம்பந்தப்பட்ட விஷயம்' என்று சபாநாயகர் ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுத்தால் நீதிமன்றம் வழக்கை அத்தோடு நிறுத்த வேண்டும் என்று 1963ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொன்னது. வெள்ளையர் நாடாளுமன்றம் எழுதிவைத்த அந்தச் சட்டத்தை, விடுதலைப் போராட்டத்திலிருந்து வந்த ஒரு சபாநாயகர் எடுத்து நீட்டினார். கேப் உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவே சாசனத்துக்கு விரோதம் என்றது. 1999இல் மேல்முறையீட்டிலும் டிலில்தான் ஜெயித்தார். தலைமை நீதிபதி இஸ்மாயில் மஹமத் எழுதிய தீர்ப்பு, நாடாளுமன்றமும் சாசனத்துக்குக் கீழேதான் என்றது.

பெரும்பான்மையின் அவை என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு எங்கள் மாகாணத்திலேயே ஒரு நீச்சல் குளம் இருக்கிறது. இங்கான்ட்லாவில் ஜனாதிபதி ஜுமாவின் வீட்டில் அரசுப் பணத்தில் குளம், மாட்டுத் தொழுவம், கோழிக்கூண்டு எல்லாம் கட்டினார்கள். அரசின் முறைகேடுகளை விசாரிக்கும் பொதுப் பாதுகாவலர் துலி மடோன்செலா 2014இல், பாதுகாப்புக்குச் சம்பந்தமில்லாத செலவில் ஒரு பகுதியை ஜுமா திருப்பிக் கட்ட வேண்டும் என்றார். போலீஸ் மந்திரி, அது நீச்சல் குளமே இல்லை, தீயணைக்கத் தண்ணீர் வைக்கும் குளம் என்று அறிக்கை கொடுத்தார். தீயணைப்பு வீரர்கள் தண்ணீர் பீய்ச்சுவதை வீடியோ எடுத்துப் போட்டும் காட்டினார்கள். நாடு முழுக்கச் சிரித்தது. தேசிய அவை மட்டும் சிரிக்காமல் அதை ஏற்று, ஜுமா ஒன்றும் கட்ட வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. 2016 மார்ச் 31ஆம் தேதி அரசியல் சாசன நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகளும் ஒன்றாக, அந்தத் தீர்மானம் செல்லாது, ஆட்சியைக் கண்காணிக்கும் கடமையில் அவை தவறிவிட்டது என்றார்கள். ஜுமா 78 லட்சம் ராண்ட் கட்டினார்.

நீதிமன்றம் எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. 2017 டிசம்பரில் இதே இங்கான்ட்லா விவகாரத்தின் தொடர்ச்சியாக, ஜனாதிபதியை நீக்கும் நடைமுறைக்கு அவை விதிகள் வகுக்க வேண்டும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் ஆணையிட்டபோது, முந்தைய தீர்ப்பை எழுதிய அதே தலைமை நீதிபதி மொகோயெங், இது நீதிமன்றம் எல்லை மீறுவது என்று கடுமையாக மறுத்தார். அவர் வாதத்தில் சத்து இருக்கிறது. ஆனால் ஆணை என்ன கேட்டது என்று பாருங்கள்: விதி எழுது. எப்படி வாக்களிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அவை விதி எழுதியது. 2022 டிசம்பரில், பாலா பாலா என்ற தன் பண்ணையில் திருடுபோன டாலர் பண விவகாரத்தில் ராமபோசா மீது விசாரணை வேண்டுமா என்று அந்த விதிப்படி வாக்கெடுப்பு நடந்தபோது, வேண்டாம் என்று 214 பேரும் வேண்டும் என்று 148 பேரும் வாக்களித்தார்கள். எனக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. ஆனால் யார் எப்படி வாக்களித்தார் என்பது பதிவில் இருக்கிறது.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். தமிழ்நாடு சட்டமன்றம் தன் உரிமைகளை எழுதி வைக்கட்டும். அவையில் பேசியதற்காக எந்த உறுப்பினர் மீதும் வழக்குக் கூடாது, அது இரும்பு போல் இருக்கட்டும். அரசிடமிருந்து தாள்களைக் கேட்டு வாங்கும் அதிகாரம், அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேட்கும் அதிகாரம், இன்னும் பலமாகவே எழுதட்டும். வெளியே இருக்கும் குடிமகனை, பத்திரிகைக்காரனை அவையே சிறைக்கு அனுப்பும் அதிகாரம் மட்டும் வேண்டாம். குற்றம் என்றால் நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும்.

ஏன் இத்தனை வருடமாக எந்தக் கட்சியும் எழுதவில்லை? காரணம் ரகசியம் இல்லை. எழுதினால் அது சாதாரணச் சட்டமாகிவிடும், அடிப்படை உரிமைகளுக்குக் கட்டுப்பட்டாக வேண்டும் என்று சர்ச்லைட் பத்திரிகை வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எழுதாத வரைக்கும்தான் வானளாவலாம். நண்பனும் இதைத்தான் சொன்னான்: "எழுதினா கோர்ட் அடிச்சிடும்ப்பா."

அடிக்கட்டுமே. தென்னாப்பிரிக்க நாடாளுமன்றம் 2004இல் தன் உரிமைகளை எழுதியது. அவையில் இடையூறு செய்யும் எவரையும் கைது செய்யலாம் என்று அதில் 11ஆம் பிரிவு. 2015 பிப்ரவரியில் ஜுமா பேச எழுந்தபோது, பணத்தை எப்போது கட்டுவீர்கள் என்று கேட்ட எதிர்க்கட்சி எம்.பி.க்களை வெள்ளைச் சட்டை போட்ட ஆட்கள் வந்து இழுத்துப் போட்டார்கள். அவைக்குள் செல்ஃபோன் சிக்னலைக்கூட முடக்கியிருந்தார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தப் பிரிவில் 'எவரையும்' என்று இருந்த இடத்தில் 'உறுப்பினர் அல்லாத' என்று சேர்த்துப் படிக்கச் சொன்னது. பேச்சுக்காக எம்.பி.யைக் கைது செய்ய முடியாது என்று ஆனது. சட்டத்தின் மற்ற பிரிவுகள் அப்படியே இருக்கின்றன. நாடாளுமன்றமும் நடக்கிறது, மேசையைத் தட்டிக் கத்துவதற்கும் குறைச்சல் இல்லை.